மீட்டருக்காக வைத்த அடுப்பு

பிரபு,

நீ இதைப் படிக்கும்போது அநேகமாக என் தலைக்கு நேர் மேலேதான் உட்கார்ந்திருப்பாய். மாடிப்படி ஏறி வந்து நேரில் சொல்ல வேண்டியதை இந்த அம்மா ஏன் பக்கம் பக்கமாக எழுதிக் கீழிருந்து மேலே அனுப்புகிறாள் என்று உனக்குச் சிரிப்பு வரும். சிரித்துக்கொள். நேரில் சொல்ல வந்தால் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். பாதியில் சொல்ல வந்தது எனக்கு மறந்துபோகும். அதை மறைக்க உன்னைத் திட்ட ஆரம்பிப்பேன். நீ செல்போனை எடுத்துப் பார்ப்பாய். அதோடு பேச்சு முடிந்துவிடும். பள்ளிக்கூட அலுவலகத்தில் இத்தனை வருஷம் ஊரார் பிள்ளைகளுக்காகக் கடிதம் எழுதிக் குவித்தவள், பெற்ற பிள்ளைக்கு ஒன்று எழுதக் கூடாதா?

போன ஞாயிற்றுக்கிழமை செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாய். "அம்மா, கீழ்க்கட்டளைல ஒரு வாடகை வீடு பாத்திருக்கோம். ஆபீசுக்குக் கிட்ட. அட்வான்ஸ் இன்னும் குடுக்கல." ஏதோ வெண்டைக்காய் வாங்கி வந்ததைச் சொல்வதுபோல் சொன்னாய். உன் அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் "சரிப்பா" என்றேன். அன்றிலிருந்து இந்த வீட்டில் எல்லோரும் எல்லோரிடமும் மிகவும் மரியாதையாகப் பேசிக்கொள்கிறோம், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிள்ளை போகிறானே என்று அம்மாவுக்கு வருத்தம், நாலு நாளில் தேறிவிடுவாள் என்று நீ நினைக்கிறாய். நீ போவதற்கு ஆபீஸ் காரணமில்லை, பிரபு. உண்மையான காரணம் எனக்கும் என் மருமகள் சுகன்யாவுக்கும் மட்டும் தெரியும். அவள் உன்னிடம் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அதனால் நான் சொல்கிறேன்.

கதை கரன்ட் பில்லில் ஆரம்பிக்கிறது. நம் வீட்டில் எந்தக் கதைதான் அதில் ஆரம்பிக்கவில்லை! திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன் உன் அப்பா. ஒரு போல்ட் குறைந்தாலும் தூக்கம் வராது. வேலையை விட்டு வந்த பிறகு அந்தக் கண் முழுக்க மீட்டர் மேல் விழுந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்க வருவார்கள் என்றால், அதற்கு முந்தைய வாரம் நம் வீட்டில் ஒரு விரதம். கிரைண்டர் கிடையாது, வாஷிங் மெஷின் கிடையாது, ஏ.சி.யின் ரிமோட் அப்பாவின் சட்டைப் பையில். நீ காலேஜ் படிக்கும்போது கசங்கின சட்டையோடு கிளம்பிக்கொண்டே போனில் யாரிடமோ சொன்னாய்: "எங்க வீட்ல ரீடிங் வாரம்டா மச்சான், இஸ்திரி கெடையாது." சமையலறையில் நின்று நான் சிரித்த சிரிப்பில் தாளிப்பு கருகிவிட்டது.

இதைக் கஞ்சத்தனம் என்று நீ கேலி செய்வாய். நான் அப்படி நினைத்ததில்லை. இரண்டு மாதத்துக்கு முதல் நூறு யூனிட்டை அரசாங்கம் எல்லா வீட்டுக்கும் இலவசமாகத் தருகிறது. அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். ஐந்நூறைத் தாண்டினாலோ கீழ்ப்படியில் கிடைத்த சலுகையும் கையை விட்டுப் போகும். யூனிட் விலையை ஏற்றின வருஷம் நாம் எல்லோரும் திட்டினோம், நானும்தான் திட்டினேன். ஆனால் அந்த நூறு யூனிட் எவ்வளவு பெரிய விஷயம் என்பது நம் தெருக்கோடியில் இருக்கும் ஒற்றை அறை வீடுகளைப் பார்த்தால் தெரியும். ஒரு ஃபேன், இரண்டு லைட்டு, ஒரு சின்ன டி.வி. வைத்துக்கொண்டு பில்லே இல்லாமல் ஓட்டுகிறார்கள். சித்திரை வெயிலில் குழந்தையை ஃபேனுக்கடியில் போட்டுவிட்டு ஒரு தாய் நிம்மதியாகக் கண்ணை மூட முடிகிறது. பென்ஷன் வாங்கும் நமக்கும் அது ஒரு பிடிமானம்தான். உன் அப்பா அந்தப் பிடிமானத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

மாடி கட்டியது எதற்கு என்று உனக்கு நினைவிருக்கும். ஏரித் தண்ணீர் வீட்டுக்குள் வந்து, கட்டில் மேல் ஸ்டவ்வை வைத்துக்கொண்டு நாம் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோமே, அதற்குப் பிறகுதான் அப்பா பி.எஃப். பணத்தைப் போட்டு மாடியை எழுப்பினார். வாடகைக்கு விடலாம் என்று அதற்குத் தனி இணைப்பு, தனி மீட்டர். குடியிருந்தவர்கள் உன் கல்யாணத்துக்கு முந்தின மாதம் காலி செய்தார்கள். திருநீர்மலையில் தாலி கட்டி அழைத்து வந்த கையோடு மாடி உங்களுக்கு என்று ஆயிற்று. படுக்கை மேலே, சாப்பாடு கீழே. அதில் யாருக்கும் எந்தக் குறையும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். சுகன்யா காலையில் ஈரத்தலையோடு இறங்கி வந்து, என் சமையலறை வாசலில் நின்று, "அத்தை, நான் கொஞ்சம் டீ போட்டுக்கட்டுமா?" என்று கேட்பாள். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆன பிறகும் கேட்டுக்கொண்டிருந்தாள். எவ்வளவு அடக்கமான பெண் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தன் வீட்டில் டீ போட யாராவது அனுமதி கேட்பார்களா என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

அப்போதுதான் பக்கத்து வீட்டு சார் அந்தச் செய்தியோடு வந்தார். ஒரே வீட்டில் ஒரே குடும்பத்துக்கு இரண்டு மீட்டர் இருந்தால் அதை ஒன்றாக்கிவிடுவார்களாம். அடுத்த தெருவில் வந்து பார்த்தார்களாம். "தனி அடுப்பு இருக்கான்னுதான் சார் பாக்குறாங்க. அடுப்பு ரெண்டு இருந்தா குடும்பம் ரெண்டு. அவ்ளோதான் கணக்கு" என்றார். உன் அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. இரண்டு மீட்டரும் ஒன்றானால் இரண்டாவது நூறு யூனிட் போகும். மாடி ஏ.சி.யும் கீழ் வீட்டு மோட்டாரும் ஒன்றாகச் சேர்ந்தால் ஒவ்வொரு முறையும் ஐந்நூறைத் தாண்டும். இரண்டு நாள் மனுஷன் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் இந்த யோசனையைச் சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். "இதுக்கா இவ்ளோ கவலை? மேல ஒரு அடுப்பை வச்சிட்டாப் போச்சு."

நீ சிரித்தாய். "செட் போடுறியாம்மா?" என்றாய். செட்தான் போட்டேன். தாம்பரம் மார்க்கெட்டில் இரண்டு பர்னர் அடுப்பு, ஒரு சின்ன குக்கர், ஒரு வாணலி வாங்கினோம். குடியிருந்தவர்கள் சமைத்த மேடையைத் துடைத்து, உப்பு ஜாடியும் அஞ்சறைப் பெட்டியும் நானே கொண்டுபோய் வைத்தேன். நம்மிடம் சும்மா கிடந்த இரண்டாவது சிலிண்டர் மேலே ஏறியது. எல்லாம் வைத்த பிறகு பார்த்தால் அடுப்பு பளபளவென்று இருந்தது. பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்களே என்று எனக்கு ஒரு மேதாவித்தனம். ஒரு பாக்கெட் பாலை ஊற்றிப் பற்றவைத்து, வேண்டுமென்றே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பால் பொங்கி நாலு பக்கமும் வழிந்து பர்னரைச் சுற்றிக் கறை பிடித்தது. நான் திருப்தியாகத் திரும்பினால் சுகன்யா பின்னால் நின்றிருந்தாள். "பொங்கிருச்சு அத்தை" என்றாள், அவ்வளவு சந்தோஷமாக. மிச்சப் பாலில் சர்க்கரை போட்டு, சாமி படத்துக்கு முன் ஒரு டம்ளர் வைத்து, உனக்கும் அப்பாவுக்கும் எனக்கும் கொடுத்தாள். கும்பிட்டுவிட்டுக் குடித்தாள். புதுக் குடித்தனம் வைக்கும்போது என்ன செய்வோமோ அதை நல்ல நாள்கூடப் பார்க்காமல் என் கையாலேயே செய்து முடித்திருந்தேன். எனக்கு அப்போது உறைக்கவில்லை. நான் மின்சார அலுவலகத்தை ஏமாற்றும் மும்முரத்தில் இருந்தேன்.

மின்சார அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது ஒரு வாரநாளில். நீ ஆபீசில் இருந்தாய். சுகன்யாவுக்கு அன்று வீட்டிலிருந்து வேலை. வழக்கமாக ரீடிங் எடுக்க வருபவர் இல்லை, நடுத்தர வயதுக்காரர், வெயிலில் முகம் கறுத்து, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கேட்டை ஒட்டி இருக்கும் இரண்டு மீட்டர்களையும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னாம்மா, மேல் வூட்ல யாரு கீறாங்க?"

"என் பையன், மருமக" என்றேன்.

"ஒண்ணா சமைச்சி துன்றீங்களா, தனித்தனியா? ஒரு குடும்பமா, ரெண்டு குடும்பமா? கரீட்டா சொல்லும்மா, தப்பா எழுதிக்கினு போனா அப்பால எனக்குத்தான் பேஜாரு."

எத்தனை முறை ஒத்திகை பார்த்திருந்தேன்! அந்த நேரத்தில் வாய் வரவில்லை. பெற்ற பிள்ளையை வேறு குடும்பம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. உன் அப்பா என்னை முறைக்கிறார். வந்தவரோ பதிலுக்காகப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். மாடிப்படி வளைவிலிருந்து சுகன்யாவின் குரல் கேட்டது. "ரெண்டு குடும்பம்தான் சார். நாங்க மேல தனியா சமைச்சுச் சாப்பிடுறோம்." தடுமாற்றமே இல்லாத குரல். அவர் மேலே ஏறிக்கூடப் பார்க்கவில்லை. "சரிம்மா, அதான் கேட்டேன்" என்று எழுதிக்கொண்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். நான் அவ்வளவு பாடுபட்டுப் பிடிக்கவைத்த கறையைப் பார்க்க ஆளில்லாமல் போயிற்று. உன் அப்பா மருமகளை அப்படிப் புகழ்ந்தார். எனக்கு மட்டும் அதில் சேர்ந்துகொள்ள முடியவில்லை. சொல்லிக்கொடுத்த பொய்யைத்தான் சொன்னாள். ஆனால் பொய் சொல்கிற குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் ஆயிரம் கேட்டிருக்கிறேன். அது அப்படி இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது மெதுவாக நடந்தது, அதனால் நீ கவனித்திருக்க மாட்டாய். முதலில் காலை டீ மேலேயே. கேட்டுக்கொண்டு கீழே வருவது நின்றது. பிறகு ஒரு நாள் உப்புமா. பிறகு ஒரு மத்தியானம் மாடிப்படி வழியாகத் தேங்காயெண்ணெய் வாசனை இறங்கி வந்தது. அவள் நாகர்கோவில் பெண், தேங்காயெண்ணெய் இல்லாமல் அவர்களுக்குச் சமையல் இல்லை. நல்லெண்ணெய் மட்டுமே வாங்கும் என் வீட்டில் ஒரு வருஷமாக வாய் விட்டுச் சொல்லாமல் சாப்பிட்டிருக்கிறாள். நான் விடுவேனா? தினமும் ஒரு டப்பாவில் சாம்பார் ஊற்றி மேலே அனுப்பினேன். இரண்டு டப்பா, மூன்று டப்பா. நீ அதைச் சாப்பிட்டாயா, அவள் சமைத்ததைச் சாப்பிட்டாயா என்று டப்பாவைத் திறந்து பார்த்துக் கண்டுபிடிப்பது எனக்கு வேலையாகிவிட்டது. மீட்டர் பார்க்கும் உன் அப்பாவைக் கேலி செய்தவளுக்கு வந்த வேலையைப் பார்.

போன மாதம் நானே டப்பாவோடு மேலே போனேன். அவள் அவியலுக்குக் காய் வேகவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "அத்தை, இன்னிக்கு..." என்று ஏதோ சொல்ல வந்தாள். நான் முந்திக்கொண்டேன். "சுகன்யா, அது மீட்டருக்கு வச்ச அடுப்பும்மா. அதுல போய் தினம் சமைப்பாங்களா?" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன், அது இன்னும் மோசம். அவள் கையை நீட்டி கேஸை அணைத்தாள். காய் பாதி வெந்தபடி நின்றது. அன்று மத்தியானம் கீழே வந்து என் சாம்பாரைச் சாப்பிட்டாள். அடுத்த நாளும் வந்தாள். "நான் டீ போட்டுக்கட்டுமா?" என்று மறுபடி கேட்க ஆரம்பித்தாள். எனக்கு ஜெயித்துவிட்டதுபோல் இருந்தது என்று சொன்னால் உன் அம்மாவைப் பற்றி என்ன நினைப்பாய்? ஆனால் அப்படித்தான் இருந்தது, பிரபு. கொஞ்ச நாளில் நீ கீழ்க்கட்டளை என்றாய்.

இப்போது புரிகிறதா? உன்னிடம் அவள் ஆபீஸ் தூரத்தைத்தான் சொல்லியிருக்கிறாள். மேடவாக்கம் டிராஃபிக்கைச் சொல்லியிருப்பாள். என்னை உன்னிடம் காட்டிக்கொடுக்கவில்லை. என் வயசில் பாதிகூட ஆகாத பெண், என் பிள்ளை என்னைக் குறைவாக நினைத்துவிடக் கூடாது என்று காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். அதை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது, வெட்கமாகவும் இருக்கிறது.

நேற்று உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நூறு யூனிட்டுக்கு ரெண்டு குடும்பம், சோத்துக்கு மட்டும் ஒரே குடும்பமா? எந்த ஊர் நியாயம்மா இது?" என்று கேட்டார். வாழ்நாளில் அந்த மனுஷன் சொன்னவற்றில் பாதி கரன்டைப் பற்றித்தான், ஆனால் இது கரன்டைப் பற்றி இல்லை. அந்த மின்சார அலுவலகக்காரர் கேட்டது நியாயமான கேள்வி. ஒரு குடும்பமா, இரண்டு குடும்பமா என்று உன் கல்யாணமான அன்றே நாம் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். பேசப் பயந்துகொண்டு நான் ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டேன். கடைசியில் சலுகை தரவந்த அரசாங்கம் வாசலில் நின்று கேட்க வேண்டியதாயிற்று. உண்மையான பதிலைச் சொன்னவள் சுகன்யா ஒருத்திதான்.

போவது என்று நீங்கள் இரண்டு பேரும் முடிவு செய்தால் போங்கள், நான் மறிக்கவில்லை. ஆனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அந்த வீட்டில் பெயின்டைப் பார்க்காதே, மீட்டரைப் பார். உங்கள் போர்ஷனுக்குத் தனி இணைப்பா, அல்லது ஓனர் ஒரே இணைப்பு வைத்துக்கொண்டு சப் மீட்டர் மாட்டி, யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவராகவே வசூல் பண்ணுகிறாரா என்று வாய் திறந்து கேள். நிறைய வாடகை வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. அரசாங்கம் தரும் நூறு யூனிட் ஓனரோடு நின்றுவிடும், குடியிருப்பவனுக்கு முதல் யூனிட்டிலிருந்தே காசு. கேட்கக் கூச்சப்படாதே. உனக்குச் சேர வேண்டியதைக் கேட்பதில் என்ன கூச்சம்? அப்பா வேண்டுமானால் கூட வருவார், அவருக்கு அதைவிடப் பெரிய உல்லாசப் பயணம் வேறெதுவும் இல்லை. நீங்கள் போய்விட்டால் மாடி மீட்டரை அலுவலகத்தில் சொல்லி ஒன்றாக்கிவிடலாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஆளில்லாத மாடியில் அடுப்பை வைத்துக்கொண்டு இன்னொரு முறை யார் முன்னாலும் என்னால் நிற்க முடியாது. அவர் பெருமூச்சு விட்டார், ஆனால் மறுக்கவில்லை.

போக வேண்டாம் என்று முடிவு செய்தால், அந்த அடுப்பு சுகன்யாவுடையது. அதில் அவள் தினமும் சமைக்கட்டும். தேங்காயெண்ணெயிலேயே சமைக்கட்டும். டப்பா வராது. நீ என்ன சாப்பிட்டாய் என்று நான் கேட்க மாட்டேன், கேட்கத் துடித்தாலும் கேட்க மாட்டேன். யார் வந்து கேட்டாலும் இரண்டு குடும்பம் என்று நானே சொல்வேன், இந்த முறை அது பொய்யாக இருக்காது. உங்களைப் போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும். அதனால்தான் அதைச் சொல்லாமல் விடுகிறேன்.

இதை முதலில் சுகன்யாவிடம் கொடு. அவள் படித்த பிறகு நீ படி என்று மேலேயே எழுதியிருக்க வேண்டும், தோன்றவில்லை. அவளிடம் மன்னிப்பை நான் நேரில்தான் கேட்க வேண்டும், கடிதத்தில் கேட்டுவிட்டுத் தப்பிக்கப் போவதில்லை. இன்னும் ஒன்று மட்டும் கேட்கிறேன், கீழ்க்கட்டளையாக இருந்தாலும் சரி, இந்த மாடியாக இருந்தாலும் சரி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் எல்லோரையும் சாப்பிட வாருங்கள் என்று நான்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். என்னை யாரும் கூப்பிட்டதில்லை. ஒரு நாள் அவள் வாயால் "அத்தை, சாப்பிட வாங்க" என்று கூப்பிடச் சொல். கையில் எதையும் எடுத்துக்கொள்ளாமல், பசியோடு வருகிறேன்.

அம்மா